மாதத்துக்குப் பத்து நிமிடம் பேசுகிறவருக்கு எந்த லைன்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தையின் ப்ரீபெய்ட் கணக்கில் போன மாதம் 186 வெள்ளி (ரிங்கிட்) கிரெடிட் இருந்தது. ஆனால் லைன் செத்துப்போக நான்கே நாள்தான் பாக்கி.

அத்தை மாதத்துக்குப் பத்து நிமிடம் பேசினால் அதிகம். மகன் கூப்பிடுவான், கிளினிக்கிலிருந்து கூப்பிடுவார்கள், பேங்கிலிருந்து குறுஞ்செய்தி வரும். வருவதுதான் எல்லாம், போவது ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் லைன் போய்விடக் கூடாதே என்று பத்து நாளுக்கு ஒருமுறை கடைக்கு நடந்து போய்ப் பத்து வெள்ளி டாப்அப் போட்டுக்கொண்டே இருந்தார். காசு குவிந்தது. நாள் குவியவில்லை.

இதைச் சொன்னதும் தெரிந்தவர்கள் மூன்று பேர் "எனக்கும் இதே கதைதான்" என்றார்கள். ஒருவர் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்னொருவர் வேலைக்குப் புது எண் வாங்கிவிட்டு, பழைய எண்ணை இரண்டாவது சிம்மாக வைத்திருக்கும் இளைஞர். மூன்றாவது, வருடத்தில் மூன்று மாதம் தமிழ்நாட்டில் போய் இருந்துவிட்டு வரும் தம்பதி. நால்வருக்கும் ஒரே பதில் சரிப்படாது. ஆனால் நால்வரும் ஒரே கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

விளம்பரங்கள் ஜிபி பற்றியும் வரம்பற்ற அழைப்பு பற்றியும் பேசும். அவை அதிகம் பயன்படுத்துகிறவர்களுக்கான பேச்சு. குறைவாகப் பேசுகிறவர்களோ நிமிடக் கட்டணத்தைத் தேடுவார்கள். அதுவும் வீண் அலைச்சல். நிமிடத்துக்கு 30 காசு என்றே வைத்துக்கொள்வோம். மாதம் பத்து நிமிடத்துக்கு 3 வெள்ளி, வருடத்துக்கு 36 வெள்ளி. 20 காசுக்கு ஒரு பிளானைத் தேடிப் பிடித்தாலும் வருடம் முழுக்க மிச்சமாவது 12 வெள்ளிதான். ஜார்ஜ்டவுனில் ஒருவேளை நாசி கண்டார் சாப்பிட்டால் அது போய்விடும்.

நம் காசு போவது நாளுக்கு. லைன் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை கொடுக்கிறோம். ஆகவே முதல் கேள்வி, ஒரு வருடம் இந்த எண்ணை உயிரோடு வைத்திருக்கக் குறைந்தது எவ்வளவு ஆகும் என்பது. டாப்அப் தொகை எத்தனை நாள் தரும் என்று பாருங்கள். 365ஐ அந்த நாளால் வகுத்து, தொகையால் பெருக்குங்கள். அவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாள் மிச்சமிருக்கும்போதே டாப்அப் போட்டால் பழைய நாளோடு புதிய நாள் கூடுமா, அல்லது இரண்டில் எது நீளமோ அது மட்டும்தானா? இரண்டாவது வகை என்றால் முன்கூட்டிப் போடுகிற நல்ல பழக்கம்தான் நம் காசைத் தின்னும்.

இரண்டாவது, நாள் தவறிவிட்டால் என்ன ஆகும்? பெரும்பாலும் சில வாரம் அவகாசம் இருக்கும். அப்போது வெளியே கூப்பிட முடியாது, உள்ளே வரும் அழைப்பு வரலாம், வராமலும் போகலாம். அவகாசமும் தீர்ந்தால் எண்ணும் போகும், கிரெடிட்டும் போகும். பிறகு ஒருநாள் அதே எண் வேறொருவர் கையில் இருக்கும். அத்தைக்கு ஒருமுறை இப்படி நடந்தது. பழனி, திருச்செந்தூர் என்று சுற்றிவிட்டு வந்து பார்த்தால் லைன் இல்லை. கவுன்டரில் இருந்தவர் கைவிரித்துவிட்டார். எண்ணை மாற்ற வங்கி, இபிஎஃப் (சேமநிதி) என்று ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கையில் பிடித்துக்கொண்டு நாலு நாள் அலைந்தோம். போனில் மிச்சம் பிடித்ததெல்லாம் கிராப் காருக்கே போனது.

மூன்றாவது, இணையம் எங்கே தேவைப்படுகிறது? குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை விட்டுவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சொன்னது. அதன் பிறகு பணம் அனுப்பினால் வங்கியின் செயலிக்குள் போய்த்தான் ஒப்புதல் அழுத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் வைஃபை இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம். பசாரில் மீன்காரரின் டூயிட்நவ் கியூஆரை ஸ்கேன் செய்து பணம் கொடுக்கிறவர் என்றால் வெளியிலும் கொஞ்சம் டேட்டா வேண்டும். 'நான் போனே பயன்படுத்துவதில்லை' என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டாவது வகை. யோசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான்காவது, கையில் இருக்கும் போன் என்ன ரகம்? 2021 முடிவோடு மலேசியாவில் 3ஜி மூடப்பட்டுவிட்டது. 3ஜி வரைக்கும் மட்டுமே போகிற பழைய போன் இப்போது 2ஜியில் இறங்கிப் பேசும், இணையத்துக்கு உதவாது. யெஸ் போல 2ஜியே இல்லாத சேவையில், சிம்மைப் போட்டாலும் பழைய பட்டன் போன் பேசாது. பட்டன் போன்தான் வேண்டும் என்றால் 4ஜி பட்டன் போன் கிடைக்கிறது, வோல்ட்இ (4ஜியிலேயே பேசும் வசதி) உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

சிக்னல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டர்வொர்த்திலோ ஜெலுத்தோங்கிலோ எல்லாமே எடுக்கும். பாலிக் பூலாவ், தெலுக் பஹாங் பக்கம் மலை மறைக்கிற இடங்களில் வீட்டுக்கு வீடு மாறும். அக்கம்பக்கத்தில் யார் எந்த லைன் வைத்திருக்கிறார்கள், சமையலறையில் நின்று பேச முடிகிறதா என்று கேட்பதுதான் நல்ல சோதனை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் லைன் கிடைக்காததை வைத்து எந்த நிறுவனத்தையும் எடைபோடாதீர்கள். அத்தனை கூட்டத்தில் எதுவும் திணறும்.

## வழி ஒன்று: பெரிய நிறுவனத்தின் சாதாரண ப்ரீபெய்ட்

ஹாட்லிங்க், செல்கோம்டிஜி, யூ மொபைல் போன்றவை. இவற்றில் பழகிப்போன கணக்கு ஏறக்குறைய 'வெள்ளிக்கு ஒரு நாள்'. பத்து வெள்ளிக்குப் பத்து நாள், முப்பதுக்கு முப்பது நாள். சிறு சிறு வித்தியாசம் இருக்கலாம், செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கு ஒரு நாள் என்றால் வருடத்துக்கு 365 வெள்ளி. இதில் அத்தை பேசித் தீர்ப்பது 36. மீதியெல்லாம் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அது நம் காசுதானே என்று தோன்றும். லைன் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் அது நம் காசு. மேலும் மேலும் போட்டுக்கொண்டிருந்தால்தான் ஏற்கெனவே போட்டதைக் காப்பாற்ற முடியும். சீட்டுக் கட்டுகிறவர்கள்கூட இப்படி மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நல்லது இல்லாமல் இல்லை. 7-இலெவன், 99 ஸ்பீட்மார்ட், மூலைக்கடை, டச் அண்ட் கோ இவாலட் என்று டாப்அப் போட இடத்துக்குப் பஞ்சமில்லை. சிம் தொலைந்தால் நேரில் போய்ப் பேச கவுன்டர் உண்டு. வயதானவர் தனியாக இருக்கிறார், சிக்கல் வந்தால் ஒரு மனிதரிடம் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்றால் இதற்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் இதை இப்படியே வைத்துக்கொள்ளாமல் அடுத்த வழியோடு சேர்க்க வேண்டும்.

## வழி இரண்டு: அதே லைன், ஒரு வருட நீட்டிப்பு

இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார், விளம்பரத்திலும் வராது. சில நிறுவனங்கள் செல்லுபடியை மட்டும் தனியாக விற்கின்றன. கிரெடிட் கூடாது, டேட்டா கிடையாது. லைனின் ஆயுள் மட்டும் நீளும். செயலிக்குள் 'வேலிடிட்டி' என்று தேடினால் எங்காவது ஒரு மூலையில் இருக்கும்.

விலை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவ்வப்போதும் மாறும். அதனால் விலையைவிட ஓர் எல்லைக்கோட்டை மனதில் வையுங்கள். உங்கள் பேச்சுச் செலவு வருடத்துக்கு 36 வெள்ளி. அடுத்த பகுதியில் வரும் சிறு நிறுவனத்தில் மாதம் பத்து வெள்ளி என்றால் மொத்தம் சுமார் 122. ஆக, ஒரு வருட நீட்டிப்பு 80 வெள்ளிக்குள் கிடைத்தால் எண்ணையும் நிறுவனத்தையும் மாற்றாமல் இதையே எடுத்துக்கொள்வது லாபம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, நீட்டிப்புக்கான காசு கிரெடிட்டிலிருந்து கழியும். கணக்கில் அவ்வளவு இருக்க வேண்டும். இரண்டு, இது லைன் உயிரோடு இருக்கும்போதே வாங்க வேண்டியது. அவகாச நாள்களில் வாங்க முடியாமல் போகலாம். வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை என்பதால் மறந்துபோகவும் வாய்ப்பு அதிகம். பொங்கல், தீபாவளி மாதிரி மறக்க முடியாத ஒரு நாளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிம் வைத்திருக்கும் இளைஞருக்கும், மூன்று மாதம் ஊரில் போய் இருக்கும் தம்பதிக்கும் நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். தம்பதி கிளம்புவதற்கு முன் ரோமிங் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். அங்கே போய் மொபைல் டேட்டாவை அணைத்து வைத்துவிட்டுக் குறுஞ்செய்தி மட்டும் வாங்கலாம். பேச்சுக்கு அந்த ஊர் சிம்மோ வாட்ஸ்அப்போ இருக்கிறது.

## வழி மூன்று: சிறு நிறுவனங்கள்

டியூன் டாக், ரெட்ஒன், எக்ஸ்ஓஎக்ஸ் போன்றவை. இவற்றுக்குச் சொந்தக் கோபுரம் இல்லை. இம்மூன்றும் செல்கோமின் வலையமைப்பை வாடகைக்கு எடுத்து வளர்ந்தவை. செல்கோமும் டிஜியும் 2022 கடைசியில் ஒன்றாகிவிட்டன. சிறு நிறுவனம் என்றால் சிக்னல் மோசம் என்ற பேச்சு அப்படியே உண்மையில்லை, கோபுரம் பெரிய வீட்டுக் கோபுரம்தான்.

இவர்களிடம் போவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதே பத்து வெள்ளிக்குக் கூடுதல் நாள் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் போகாதீர்கள். விற்கிறவர் டேட்டாவைப் பற்றியே பேசுவார். நீங்கள் "டேட்டா பாஸ் எதுவும் எடுக்காமல் வெறும் பத்து வெள்ளி போட்டால் லைன் எத்தனை நாள் நிற்கும்?" என்று மட்டும் கேளுங்கள். முப்பது நாள் என்றால் வருடத்துக்கு 122 வெள்ளி. அத்தை கணக்கில் மூன்றில் ஒரு பங்கு.

மறைந்த செலவு அலைச்சலில் இருக்கிறது. கவுன்டர் குறைவு. எல்லா மூலைக்கடையிலும் இவர்களின் டாப்அப் கிடைக்காது, செயலியில்தான் போட வேண்டியிருக்கும். அத்தை மாதிரி செயலிக்குப் பயப்படுகிறவர் என்றால் மகனோ மருமகளோ மாதாமாதம் நினைவு வைத்துப் போட வேண்டும். ரோமிங்கும் எல்லாப் பிளானிலும் இருக்காது.

எண் மாறாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றலாம். 2008 முதல் அந்த வசதி இருக்கிறது. ஐசி போதும். ஆனால் பழைய கணக்கில் இருக்கும் கிரெடிட் கூட வராது, அங்கேயே மூழ்கிவிடும். ஆகவே மாறுவதற்கு முன் அதைத் தீர்த்துவிட வேண்டும். அதே நிறுவனத்தில் இருக்கும் உறவினருக்குக் கிரெடிட்டை மாற்றிவிடலாம், கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள். பெரிய நிறுவனங்களில் கூகுள் பிளேயில் வாங்கும் செயலிக்குக்கூடக் கிரெடிட்டிலிருந்து கொடுக்கலாம். சட்டென்று மாறாமல் முதலில் ஒரு புது சிம்மை வாங்கி, வீட்டில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு எண்ணைக் கொண்டுபோவது நல்லது.

## வழி நான்கு: மாத பாஸ்

மாதம் 25, 35 வெள்ளிக்கு டேட்டாவும் அழைப்பும் சேர்ந்து வருபவை. குறைவாகப் பேசுகிறவருக்கு இது வேண்டாம், ஒரு விதிவிலக்கைத் தவிர. வீட்டில் வைஃபை இல்லை, பேரப்பிள்ளை வெளிநாட்டில், வாரம் இரண்டு வீடியோ கால் என்றால் அவர் 'குறைவாகப் பயன்படுத்துகிறவர்' இல்லை. அவருக்கு இது சரி.

குறைந்த வருமானக் குடும்பம் என்றால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். 2023இல் அரசாங்கம் பேக்கேஜ் பெர்பாடுவான் என்ற பெயரில், ஆறு மாதத்துக்கு 30 வெள்ளி என்ற கணக்கில் ப்ரீபெய்ட் இணையத் தொகுப்பை அறிவித்தது. யாருக்குக் கிடைக்கும், இப்போதும் புதிதாகச் சேரலாமா, லைனின் செல்லுபடியும் ஆறு மாதம் நீளுமா என்ற மூன்றையும் கவுன்டரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

## வழி ஐந்து: மலிவான போஸ்ட்பெய்ட்

வாய்விட்டுச் சிரிக்காதீர்கள். போஸ்ட்பெய்ட் என்றாலே மாதம் அறுபது எழுபது என்ற நினைப்பு இருக்கிறது. ரெட்ஒன் ஒரு காலத்தில் மாதம் 8 வெள்ளிக்குக்கூட போஸ்ட்பெய்ட் விற்றது. பத்து பதினைந்து வெள்ளிக்குள் ஒரு பிளான் கிடைத்தாலோ, மகனின் குடும்பப் பிளானில் ஒரு துணை லைன் சேர்க்க முடிந்தாலோ, நாள் எண்ணுகிற தொல்லையே போய்விடும். பில் கட்டுகிற வரைக்கும் லைன் சாகாது.

விலைப் பட்டியலில் இருப்பதோடு 6 விழுக்காடு சேவை வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் உண்டா என்று பாருங்கள். முக்கியமாக, போஸ்ட்பெய்டில் மேல் வரம்பு இல்லாவிட்டால் தெரியாமல் ஓடும் செலவு பில்லில் ஏறும். ப்ரீபெய்டில் கிரெடிட் தீர்ந்தால் நின்றுவிடும். மறதி அதிகமாகிவிட்ட பெரியவர்களுக்கு, மகன் பெயரில் துணை லைனாகப் போட்டு, செலவு வரம்பும் வைத்துக் கொடுப்பதுதான் நிம்மதி. டாப்அப் போட மறந்தார் என்ற பேச்சே வராது.

## வருடக் கணக்கு

| வழி | கணக்கு | எண் உயிரோடிருக்க வருடத்துக்கு |
|---|---|---|
| 10 வெள்ளிக்கு 10 நாள் | 36.5 முறை | 365 வெள்ளி |
| ஒரு வருட நீட்டிப்பு + பேச்சு | நீட்டிப்பு விலை + 36 | 80க்குள் நீட்டிப்பு என்றால் 116க்குள் |
| 10 வெள்ளிக்கு 30 நாள் | சுமார் 12 முறை | 122 வெள்ளி |
| ஆறு மாதம் 30 வெள்ளித் தொகுப்பு | 2 முறை | 60 வெள்ளி, பேச்சு தனி |
| மாத பாஸ் 35 வெள்ளி | சுமார் 12 முறை | 426 வெள்ளி |
| போஸ்ட்பெய்ட் 10 வெள்ளி + வரி | 12 மாதம் | 127 வெள்ளி, பேச்சு தனி |

## பட்டியலில் வராத ஓட்டைகள்

மேலே உள்ள கணக்கெல்லாம் காசு தெரியாமல் ஒழுகாத வரைக்கும்தான் செல்லும். பல வீடுகளில் நான் பார்த்தது, பிளானைவிட இந்த ஒழுகல்தான் பெரிது.

டேட்டா பாஸ் இல்லாத சிம்மில் மொபைல் டேட்டாவைத் திறந்து வைத்திருப்பது முதல் ஓட்டை. போன் தன் பாட்டுக்குச் செயலிகளைப் புதுப்பிக்கும், கிரெடிட் கரையும். அணைத்து வையுங்கள். அடுத்தது, 3 என்ற எண்ணில் தொடங்கும் ஐந்து இலக்கக் குறுஞ்செய்திகள். ஜோதிடம், போட்டி, பாட்டு என்று எதையோ ஒருமுறை அழுத்தியிருப்பார்கள், ஒவ்வொரு செய்திக்கும் காசு பிடிக்கும். அந்த எண்ணுக்கே 'ஸ்டாப் ஆல்' என்று ஆங்கில எழுத்தில் அனுப்பினால் நிற்கும். நிற்காவிட்டால் நிறுவனத்திடம் சொல்லி அடைக்கச் சொல்லுங்கள், அதற்கும் மசியாவிட்டால் தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியில் புகார் கொடுக்கலாம். கூப்பிடுகிறவருக்குப் பாட்டு கேட்கும் சேவையும் இதே ரகம்தான். அத்தையின் லைனில் பழைய முருகன் பாட்டு ஒன்று வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மாதாமாதம் காசு போனது அவருக்கே தெரியாது, நிறுத்தியதும் "பாட்டை ஏன்டா எடுத்தே" என்று கோபித்துக்கொண்டார்.

1300 எண்களும் அப்படித்தான். 1800 இலவசம், 1300 இலவசம் இல்லை. வரம்பற்ற அழைப்பு என்று சொல்லும் பிளானிலும் 1300 பெரும்பாலும் சேராது. இசை கேட்டுக்கொண்டே இருபது நிமிடம் காத்திருந்தால் இரண்டு மாதப் பேச்சுக் காசு ஒரே அழைப்பில் போய்விடும். 03, 04 என்று தொடங்கும் சாதாரண எண் இருந்தால் அதைத் தேடிக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, சிம் யார் ஐசியில் பதிவாகியிருக்கிறது? எப்போதோ மருமகன் தன் பெயரில் வாங்கிக் கொடுத்ததாக இருக்கும். சிம் தொலைந்தால், நிறுவனம் மாற்ற வேண்டுமென்றால், பதிவான ஆள்தான் வர வேண்டும். அவர் இப்போது ஜொகூரில் இருப்பார். பேச்சுவார்த்தையும் இருக்காது.

## அத்தை என்ன செய்தார்

சிறு நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மாற்றினால் 186 வெள்ளி போய்விடும். அதை நான்கே நாளில் பேசித் தீர்க்கச் சொன்னால் அத்தை யாரிடம் பேசுவார்? அவர் லைனில் ஒரு வருட நீட்டிப்பு இருப்பதைச் செயலியில் கண்டுபிடித்தோம். காசு எதுவும் புதிதாகப் போடவில்லை, குவிந்து கிடந்த கிரெடிட்டிலிருந்தே கழிந்தது. மிச்சம் இருப்பது அவர் பேசும் பேச்சுக்கு இரண்டு வருடத்துக்குக்கூட வரும். வீட்டில் வைஃபை இருக்கிறது, வங்கி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த நீட்டிப்பு நாளைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் போனபோது கிரெடிட் கொஞ்சம் கூடியிருந்தது. கடைப் பக்கம் போனாராம், பழக்க தோஷத்தில் பத்து வெள்ளி போட்டுவிட்டாராம்.